தரைக்கு வந்த பிள்ளை

என் தம்பி பிளேஸின் வீட்டு வாசற்கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘ஷ்ஷ்... நான் வளர்ந்துகொண்டிருக்கிறேன்’ என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவமனையில் அவன் மகன் எமில் கிடந்த கண்ணாடிப் பெட்டிமேல் நர்சுகள் ஒட்டிவைத்த அட்டை அது. பிள்ளையோடு அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து எமிலின் அம்மா ரெனெல் கதவில் மாட்டிவிட்டாள். தூங்குகிறான், சத்தம் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்வேன். வளர்வதற்கு எதற்கு ஊர் வாயை அடைக்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஒன்பது பேர் வளர்ந்தோம். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூடத் தொண்டை கிழியக் கத்தினால்தான் கிடைக்கும். யாருக்கும் ஓர் அங்குலம் குறைந்துவிடவில்லை.

நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கடைசி இருக்கைக் குரங்குகளை அதட்டி உட்காரவைக்கிற தொண்டை எனக்கு. எங்கள் ஊர் நடுவே ஓடும் பாயூ என்கிற நீரோடையின் இந்தக் கரையில் நின்று நான் கூப்பிட்டால் அந்தக் கரையில் படகு கழுவுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அதனால் அந்த அட்டை எனக்கென்றே மாட்டியது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

எமில் மூன்று மாதம் முந்திப் பிறந்தவன். இரண்டு பவுண்டுதான் எடை. கோழிக்குஞ்சு மாதிரித் தோல், அதன் கீழே நரம்பு ஓடுவது தெரியும். பாதிரியார் வந்துசேரும்வரை தாங்குவானோ மாட்டானோ என்று அவன் பிறந்த அன்றே ஒரு நர்ஸ் சொட்டுத் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். ஞானத்தாய் யார் என்று கேட்டபோது பிளேஸ் என் பெயரைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் ஞானத்தாயை நனான் என்போம். பெற்றவளுக்கு அடுத்தபடி பிள்ளைமேல் உரிமை அவளுக்குத்தான். ஆனால் நான் பிள்ளையைத் தூக்காத நனான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

வீட்டுக்கு வந்த பிறகாவது தூக்கலாம் என்றிருந்தேன். ரெனெல் விட்டால்தானே? மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த சட்டமெல்லாம் வீட்டிலும் நடந்தது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான். திரைச்சீலை திறக்கக் கூடாது. பிள்ளையைத் தடவக் கூடாது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைக் காலிலும் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் பேசக் கூடாது, பேசினால் தொடக் கூடாது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தாள். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப்போட்டாள். அவர்களுடைய நாய்கூட என் வீட்டில்தான் வளர்ந்தது. அது நாய் ஜாதியா, எங்கள் குடும்பத்து ஜாதியா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குரைக்கும்.

பிளேஸ் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அவன் கடலில் இருக்கும்போது அந்த இருட்டு வீட்டில் ரெனெலும் பிள்ளையும் மட்டும். தொலைபேசியில் பேசினால் அவள் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். நல்ல பெண். முன்பெல்லாம் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். அவளா இவள் என்று எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

எமில் பிறந்த அதே வாரத்தில் எங்கள் கடைக்குட்டித் தங்கை ஒடெட்டுக்கு ரூபி பிறந்தாள். அவள் முழு மாதப் பிள்ளை. ரூபி குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் மனசுக்குள் எமிலைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். ஒருநாள் பிளேஸ் என் வீட்டுக்கு வந்து கம்போக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாயை அடக்க முடியவில்லை.

“டேய், புள்ளைக்கு பத்து மாசம் ஆகப்போகுது. ரூபி என் செருப்பத் தேடி வந்து வாயில வெக்கிறா. உன் மகன் குப்புறவாவது விழுந்தானா?”

“அக்கா, அவனுக்கு பத்து மாசம் இல்ல. ஏழு.”

“இது எந்த ஊர்க் கணக்குடா? அவன் பொறந்தன்னிக்கு நான் அங்கதானே நின்னேன்?”

“டாக்டர் கணக்கு. பொறந்திருக்க வேண்டிய நாள்லேர்ந்துதான் எண்ணணும். முன்னாடி வந்த மூணு மாசத்தக் கழிச்சுடணும்.”

“சரி, கழிச்சுக்கோ. ஏழு மாசப் புள்ளை குப்புற விழணுமா வேண்டாமா?”

அவன் கிண்ணத்துச் சோற்றைக் கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தான். கேட்டிருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது. அவன் இதை ஏற்கெனவே தன்னிடமே பலமுறை கேட்டுக்கொண்டவன் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“டாக்டர் எங்க வீட்டுக்கு ஒரு பொண்ண அனுப்புறாங்கக்கா, உடம்பு அசைய சொல்லிக்குடுக்க. அந்த நாள் நான் கடல்ல இருப்பேன். நீ போய் ரெனெலுக்குத் துணையா இரு. ஆனா சத்தம்...”

“வாயத் தெறக்க மாட்டேன். போதுமா?”

சொன்னபடியே போனேன். செருப்பை வாசலில் விட்டு, காலுறையோடு நடந்து, முழங்கைவரை கழுவி, சோபா ஓரத்தில் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்தேன். அந்த இருட்டு பழகியதும் எமிலைப் பார்த்தேன். ரெனெலின் மடியில் மல்லாந்து கிடந்தான். அழகுப் பிள்ளை. கண் மட்டும் எங்கள் அப்பாவினுடையது. ஆனால் கை இரண்டும் இரு பக்கமும் விழுந்து கிடந்தன. கால்கள் தவளைக்கால்போல விரிந்திருந்தன. பின்னந்தலை தட்டையாக, முடி உதிர்ந்து வழவழவென்று இருந்தது. அவன் கண் என்மேல் வந்து நின்றது. அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் பெயர் தனிஷா. உயரமாக, வாட்டசாட்டமாக இருந்தாள். வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு போர்வையை விரித்தாள்.

“மிஸ் ரெனெல், குட்டி ஐயா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தரையில இருப்பாரு?”

“தரையிலயா?” என்றாள் ரெனெல். நடுரோட்டில் எவ்வளவு நேரம் விடுவீர்கள் என்று கேட்டதுபோலத் திகைத்துப்போனாள்.

“தூங்குறப்ப மல்லாக்க. அது சரி, அத மாத்தாதீங்க. முழிச்சிருக்கும்போது குப்புற விடணும். பக்கத்துல நாம உக்காந்திருக்கணும். கொண்டாங்க.”

தனிஷா ஒரு துண்டைச் சுருட்டி அவன் நெஞ்சுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுக்கவைத்தாள். எமிலுக்குத் தலை தூக்க வரவில்லை. மூக்கு போர்வையில் பட்டது. தலை ஓர் அங்குலம் எழுந்து, ஆடி, விழுந்தது. அடுத்து அவன் உதடு பிதுங்கியது. அழுகை இன்னும் வெளியில் வரக்கூட இல்லை, ரெனெல் பாய்ந்து தூக்கி மார்போடு அணைத்துவிட்டாள்.

“போதும். இன்னிக்கு இவ்வளவு போதும்.”

“மிஸ் ரெனெல், உக்காருங்க. நான் திட்ட வரல. ஆஸ்பத்திரியில அவங்க சொல்லிக்குடுத்தது எல்லாமே சரி. நீங்க செஞ்சதும் சரி. அங்க இருந்தப்ப இவர் உங்க வயித்துக்குள்ள இருக்க வேண்டியவர். வயித்துக்குள்ள இருட்டு, அமைதி, நெருக்கம். அதனாலதான் பெட்டியிலயும் அதையே பண்ணினாங்க. ஆனா இப்ப இவர் பொறந்துட்டார். இன்னும் வயித்துக்குள்ளயே வெச்சிருந்தா கழுத்துக்கும் தோளுக்கும் எப்ப வேலை வரும்?”

பார்த்தாயா, நான் சொன்னது என்ன என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். தனிஷா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“மிஸ் ஏர்லீன், நீங்க ஒண்ணும் சிரிக்க வேண்டாம். எந்தப் புள்ளையோட இவர ஒப்பிடறீங்க?”

“ரூபின்னு... ஒரே வாரத்துல பொறந்தவ.”

“ரூபி மூணு மாசம் பெரியவ. அக்கான்னு வெச்சுக்கோங்க. இவங்க புள்ளைய பின்னாடி பிடிச்சு இழுக்கறாங்க, நீங்க முன்னாடி பிடிச்சு இழுக்கறீங்க. பாவம், அது இருக்கற எடத்துல அதுகூட யாருமே இல்ல.”

பேருந்தில் நான் எத்தனையோ பிள்ளைகளை வாயடைக்கவைத்திருக்கிறேன். என்னை அப்படி அடைத்தவள் அவள்தான். சுருக்கென்று இருந்தது. ஆனால் சரியான இடத்தில்தான் தைத்தது.

போகும்போது தனிஷா கதவருகில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: “கை கால்ல கோளாறு ஒண்ணும் எனக்குத் தெரியல. பழக்கம்தான் இல்ல. ஆனா இப்படியே விட்டா பழக்கமே கோளாறா ஆயிடும். பாத்துக்கோங்க.”

அவள் வண்டி கிளம்பியதும் ரெனெல் தொலைபேசியை எடுத்து, அடுத்த வாரம் வரவேண்டாம் என்று அவர்கள் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள். என் நாக்கின் நுனியில் பத்துப் பேச்சு வந்து நின்றது. வாய் திறப்பதற்குள் அவளே சமையலறைத் தொட்டிப் பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மறைவில் பேசினாள்.

“அண்ணி, இவன் மூச்சு விட மறந்துடுவான். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நல்லா இருப்பான், திடீர்னு மறந்துடுவான். உதடு நீலமாயிடும். மெஷின் கத்தும். நர்ஸ் வந்து உள்ளங்கால்ல சுண்டுவாங்க, அப்ப ஞாபகம் வந்து ஒரு மூச்சு இழுப்பான். ஒரு தடவை பக்கத்துல யாரும் இல்ல. நான்தான் கை விட்டு சுண்டினேன். மூணு தடவை சுண்டினேன் அண்ணி. மூணாவதுலதான் வந்துச்சு.”

“இப்பவும் மறக்கறானா?”

“இல்ல. மாசக்கணக்கா இல்ல. வீட்டுக்குக் குடுத்தனுப்பின மெஷினக் கூட திருப்பி வாங்கிட்டாங்க. ஆனா அழுதா களைச்சுடுவான், அழவே விடாதீங்கன்னு அங்க சொன்னாங்க. ஒவ்வொரு அழுகைக்கும் வளர்றதுக்கு வெச்சிருக்கற பலம் போயிடுமாம். எப்ப அழலாம்னு யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே.”

நாக்கு நுனியில் நின்ற பத்துப் பேச்சும் எங்கே போயினவோ தெரியவில்லை. இவளைப் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. பிடிவாதம் இல்லை அது. அவள் இன்னும் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். தடவாமல், அசைக்காமல், அவர்கள் பிள்ளைக்கு வைப்பதுபோல வைத்தேன். அவள் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போனேன். குப்புற விடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பிள்ளையை என் மடியில் கொடுத்தாள். ஞானத்தாய்க்குக் கடைசியில் பிள்ளை கிடைத்தான். ஆனால் வாரங்கள் ஓடின. தரை காலியாகவே கிடந்தது. தனிஷா சொன்ன வார்த்தை எனக்குத் தூக்கத்திலும் கேட்டது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம் என்று ஒரு நிலை எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததே இல்லை.

அப்போதுதான் வளைகுடாவில் புயல் கிளம்பியது.

எண்ணெய் மேடையிலிருந்து எல்லோரையும் கரைக்கு ஏற்றிவிட்டார்கள். பிளேஸ் வந்து சேர்ந்தான். அவர்கள் வீடு தாழ்வான இடம். என் வீடு மேட்டில், தூண்மேல் நிற்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது. அதனால் புயலென்றால் குடும்பமே என் வீட்டில்தான் வந்து அடையும். ஒடெட், அவள் புருஷன், அவள் பிள்ளைகள், அக்கார்டியன் வாத்தியத்தோடு சித்தப்பா ஒவீட், மூன்று நாய்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பிளேஸ் வண்டியிலிருந்து ரெனெல் இறங்கினாள், பிள்ளையைப் போர்வைக்குள் மூடிக்கொண்டு. நேரே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“யாராவது வாயத் தெறந்தீங்க, புயல்ல வெளிய தள்ளிடுவேன்,” என்றேன் எல்லோரிடமும்.

“அத நீ ஏன் இவ்வளவு சத்தமா சொல்றே?” என்றார் சித்தப்பா.

புயல் அடித்துவிட்டுப் போனது. கூரையில் கொஞ்சம் போயிற்று, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மின்சாரம் இல்லை. மறுநாள் வெயில் வந்ததும் வீடு வெந்நீர் அண்டா ஆகிவிட்டது. வெளியே ஓடும் ஜெனரேட்டர் குளிர்பெட்டிக்கும் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறிக்கும்தான் தாங்கும். சன்னல்களுக்குப் பலகை அடித்த பின்னறையில் ரெனெல் மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. எமில் தோளில் துவண்டு கிடந்தான்.

“இவனுக்கு ரொம்ப சூடு அண்ணி,” என்றாள்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியில் ஒடெட் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சித்தப்பாவின் அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது. பிள்ளைகள் சிலைபோல உட்கார்ந்தார்கள். எங்கள் குடும்பம் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல வாயை மூடி நான் பார்த்தது எங்கள் அப்பாவின் சவப்பெட்டி முன்னால் மட்டும்தான்.

எமில் தோளிலிருந்து தலையைத் திருப்பினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிணுங்கினான்.

“சத்தம் எங்க போச்சுன்னு தேடறான்,” என்றான் பிளேஸ்.

ரெனெல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஒரு சுரத்தை அழுத்தினார். எமிலின் கால் இரண்டும் உதைத்துக்கொண்டன. சிணுங்கல் நின்றது. இன்னொரு சுரம் வந்தது. மெல்ல மெல்ல எல்லோருக்கும் வாய் திறந்தது. கூடம் பழைய கூடமானது.

கூடத்துத் தரையில் மெத்தைகளைப் போட்டிருந்தோம். விசிறிக்காற்று அங்கேதான் விழுந்தது. இரண்டு நாளாய்ப் பிள்ளையைக் கீழே வைக்காத ரெனெலின் கை ஓய்ந்துபோயிருந்தது. அவள் மண்டியிட்டு அவனைக் காற்றுக்கு நேரே மல்லாக்கப் படுக்கவைத்தாள். வாயில் நிப்பிள் இருந்தது. அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அடுத்து நடந்ததற்கு ரூபிதான் காரணம். எங்கிருந்தோ தவழ்ந்து வந்தாள். எமிலை உற்றுப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து நிப்பிளைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து, அவனையே பார்த்துச் சப்பினாள்.

எமிலுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் கோணி, வாய் திறந்து, அழுகை வெடித்தது.

“ஏய் ரூபி, குடுடி அத!” என்று ஒடெட் ஓடி வந்தாள். ரெனெலின் இரண்டு கையும் பிள்ளையின் முதுகுக்கு அடியில் போய்விட்டன. அவ்வளவுதான், போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அந்தக் கைகள் வெளியில் இருந்தன. தொடாமல், அவனுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முகம் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது.

“யாரும் தொடாதீங்க,” என்றாள். “ஒடெட், நீயும்தான். இவனுக்கு ஒண்ணும் ஆகல. கோவம் வந்திருக்கு.”

எமில் குதிகாலை மெத்தையில் ஊன்றினான். இடுப்பு திரும்பியது. மேல்கால் வந்து குறுக்கே விழுந்தது. கீழ்க்கை உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ள, பழையபடி மல்லாந்து விழுந்தான். இன்னும் பலமாக அழுதான். மறுபடி ஊன்றினான். மறுபடி விழுந்தான். நான் என் தோளை வைத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிளேஸும் பல்லைக் கடித்து அதையேதான் செய்தான். அடுத்த முறை கால் போன பக்கம் தோளும் போயிற்று. பொத்தென்று குப்புற விழுந்தான். முகம் மெத்தையில் புதைந்தது.

தலை எழுந்தது. ஆடியது. விழவில்லை. எமில் நேரே ரூபியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

ரெனெல் அவன் முன்னால் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள், மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி. “அழுடா!” என்று கத்தினாள். ஜெனரேட்டரைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். “அழுடா என் ராசா! இன்னும் சத்தமா அழு!”

பிளேஸ் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான். “ரெனெல், என்ன ஆச்சு உனக்கு?”

அவள் திரும்பினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஆஸ்பத்திரியில மூச்சுக்காக இவன் தொண்டையில குழாய் போட்டிருந்தாங்கல்ல? அப்ப நீ பாதி நாள் கடல்ல இருந்தே. அப்பவும் இவன் அழுவான் பிளேஸ். வாய் தெறக்கும், முகமெல்லாம் கோணும், சத்தம் மட்டும் வராது. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டே இருப்பேன். குழாய எடுத்தப்புறம் நானே அழ விடல. இவன் குரல் இவ்வளவு பெருசுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

ரூபி மிரண்டுபோய் நிப்பிளை எடுத்து அவனிடம் நீட்டினாள். எமில் அதை வாங்கவில்லை. கத்துவதை நிறுத்தவும் இல்லை.